வெளியே வந்தார்களாம்! உள்ளே போனது யாரைக் கேட்டு?

வாழப்பாடிப் பேருந்து நிலையத்தை அடுத்த தேநீர்க் கடையிலே, சென்ற வாரம் நாம் அமர்ந்திருந்தோம். தோழர்கள் நாலைந்து பேர், சேகோ ஆலைக்குக் கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டுநர் ஒருவர், பேளூர்ப் பக்கத்து உழவர் ஒருவர். பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பிரிட்டனிலே வந்து நின்றது. "விலகுறோம் விலகுறோம்னு வருசக்கணக்கா இழுத்தானே வெள்ளைக்காரன்! நம்மை ஆண்டவனுக்கு அவன் வீட்டு வாசலைத் தாண்டத் தெரியலையே தம்பி!" என்றார் உழவர். சிரித்தோம். சிரித்துவிட்டுச் சிந்தித்தோம்.

உண்மைதான், இழுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் எனும் பொதுச் சந்தையைவிட்டு விலகுவதென்று 2016 ஜூன் 23இல் மக்கள் வாக்களித்தனர். விலகுவோம் என்றவர் நூற்றுக்கு 51.9, வேண்டாம் என்றவர் 48.1. தெரசா மே அம்மையார் ஒப்பந்தம் ஒன்றை எழுதிக்கொண்டு மக்கள் சபைக்கு வந்தார். 2019 ஜனவரி 15 அன்று 432 பேர் மறுத்தனர், 202 பேரே ஏற்றனர். மார்ச் 12இல் மீண்டும் வந்தார், தோற்றார். மார்ச் 29இல் மூன்றாம் முறை வந்தார், அன்றும் தோற்றார். விலகுவதற்கென்று குறித்த நாளே அந்த மார்ச் 29தான்! பிரதமர் மாறினார், தவணை மாறிற்று. 2020 ஜனவரி 31 அன்றுதான் வெளியே வந்தனர். வேலையும் விலைவாசியும் என்னாகுமோ என்று கலங்கிய தொழிலாளி, "போதுமப்பா, எதையாவது முடித்துத் தொலையுங்கள்" என்று சலித்துக்கொண்டான்.

ஆனால், அது கண்ணாரக் கண்டு வந்த சலிப்பு! எந்த உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பதை அவன் அறிவான். ஒப்பந்தத்தின் வரிகள் அவன் கைக்கு வந்தன. திட்டுவதற்கேனும் அவனுக்கு ஆள் தெரியும்.

நமக்கு?

நாமும் ஒரு சந்தைக் கூட்டிலிருந்து வெளியே வந்தவர்கள்தாம், தோழர்களே! ஆர்.சி.இ.பி. என்று அதற்குப் பெயர். தென்கிழக்கு ஆசியாவின் 10 நாடுகள், அவற்றோடு சீனா, ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா, ஆக 16. பேச்சு தொடங்கியது 2012 நவம்பரில். ஏழாண்டுக் காலம் பேசினார்கள். வரியைக் குறை, வாயிலைத் திற என்று பேசினார்கள். நம் மாட்டின் மடியையும் நம் மண்ணின் கிழங்கையும் மேசை மீது வைத்துப் பேசினார்கள். பேசிய வரைவு எங்கே என்றால், இரகசியம்! கசிந்து வந்த தாள்களைப் பொறுக்கித்தான், நாட்டு மக்கள் தங்கள் தலையெழுத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

2019 நவம்பர் 4 அன்று, பாங்காக் நகரிலே, இந்தியா இதில் சேராது என்று பிரதமர் மோடி அறிவித்தார். காந்தியாரின் அறிவுரையும் தம் மனச்சான்றும் இடந்தரவில்லை என்றார். நல்லது. மனச்சான்று விழித்தால் மகிழ்பவர்கள் நாம். ஏழாண்டு அது எங்கே உறங்கிற்று என்று கேட்பது அநாகரிகம் என்றால், கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

வெளியே வந்தது சரி என்பதே நம் கருத்து. மற்ற 15 நாடுகளில் 11 நாடுகளோடு நமக்கு வாணிபத்தில் பற்றாக்குறை இருந்த நேரம் அது. பாலையே எடுத்துக்கொள்வோம். நியூசிலாந்து, தன் பாலில் பெரும்பகுதியைப் பொடியாகவும் வெண்ணெயாகவும் வெளிநாட்டுக்கு விற்றே பிழைக்கும் நாடு. இங்கே, இரண்டு மாடு கட்டி, விடியற்காலையில் கறந்து, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றி, அந்தப் பணத்தில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறாள் வாழப்பாடித் தாய். பால் பொடிக்கு இருந்த 60 விழுக்காடு இறக்குமதி வரிதான் அவளுக்கு வேலி. அந்த வேலியைப் பிடுங்குவதா என்று குஜராத்தின் அமுல் கூட்டுறவு குரல் கொடுத்தது. உழவர் சங்கங்கள் தெருவுக்கு வந்தன. ஆளுங்கட்சிக்கு உறவான சுதேசி ஜாக்ரண் மஞ்ச்கூட எதிர்த்தது. பால் தப்பிற்று! 2025இல் நியூசிலாந்தோடு தனியே பேசியபோதும், பால் பொருள்களை ஒதுக்கி வைத்தே முடித்தார்கள். மறைப்பானேன், அது பாராட்டத் தக்கதே.

பாலுக்கு வாய் இருந்தது, பிழைத்தது. கிழங்குக்கு?

குச்சிக்கிழங்கு, தோழர்களே! இந்த ஆத்தூர், வாழப்பாடி, நாமக்கல் வட்டாரத்துக்கு உயிர் அது. பத்து மாதம் மண்ணிலே கிடந்து, ஆலைக்குப் போய், மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்து விலை வைக்கப்படுகிற பயிர். பாயிண்ட் குறைந்தால் உழவன் முகம் கறுக்கும். அரைத்து, பால் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, மாவாக்கி, குருணையாக்கி, வறுத்து, களத்திலே காயவைத்து ஜவ்வரிசியாக்குகிறான் தொழிலாளி. வடபுலத்துப் பெரியவர்கள் விரத நாளிலே 'சாபுதானா' என்று சுவைக்கிறார்களே, அது பெரும்பாலும் நம் சேலத்துச் சரக்கு. அவர்கள் பட்டினி இருப்பதற்கும் நாம் பாடுபட வேண்டியிருக்கிறது!

இந்தத் தொழில் இங்கே வேரூன்றிய கதை வேடிக்கையானது. இரண்டாம் உலகப் போரின்போது, மலாயாப் பக்கமிருந்து கப்பலில் வந்த ஜவ்வரிசி நின்றுபோயிற்று. அயல்சரக்கு நின்றதால் பிறந்த தொழில் இது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. விலைக்கு?

ஆர்.சி.இ.பி. கதவைச் சாத்திவிட்டோம் என்று மார்தட்டினார்களே, அதற்கு முன்பே திறந்த கதவு ஒன்று உண்டு. ஆசியான் நாடுகள் பத்தோடு சரக்கு வாணிப ஒப்பந்தம்! அதே பாங்காக்கில், 2009 ஆகஸ்ட் 13 அன்று கையெழுத்தாகி, 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பத்தில் தாய்லாந்து ஒன்று. உலகச் சந்தையில் மரவள்ளி மாவை மிக அதிகமாக விற்கும் நாடு அதுதான். அவன் மூட்டை துறைமுகத்தில் இறங்குகிறது என்ற செய்தி வந்தாலே, இங்கே ஏலத்தில் நம் மூட்டை கூனிக் குறுகுகிறது.

அப்போது ஆண்டது காங்கிரஸ் தலைமையிலான கூட்டணி. தமிழ்நாட்டவரும் அந்த அமைச்சரவையில் இருந்தனர். கசப்பாக இருக்கலாம், சொல்லத்தான் வேண்டும்! 2009 அக்டோபர் 2 அன்று கேரளத்திலே, ரப்பருக்கும் மிளகுக்கும் ஆபத்தென்று, காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலியாக மக்கள் கைகோத்து நின்றார்களே, அன்று நாம் எங்கே நின்றோம்? ஆத்தூர்ச் சாலையிலே பத்துப் பேராவது கைகோத்தோமா? டில்லியை நோக்கி நீட்டும் விரலை ஒரு கணம் நம் பக்கமும் திருப்பிப் பார்ப்பதில் தவறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டுங்கள். மாநிலப் பட்டியலில் 14ஆம் இனம் வேளாண்மை. ஒன்றியப் பட்டியலிலும் 14ஆம் இனத்தைப் பாருங்கள்: அயல்நாடுகளோடு ஒப்பந்தம்! எண் ஒன்று, இடம் இரண்டு. கிழங்கு நம்முடையது, அதன் மீது கையெழுத்துப் போடும் பேனா அவர்களுடையது. போட்டதை நிறைவேற்ற, 253ஆவது பிரிவின்படி, மாநிலத்துக்குரிய பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். கையெழுத்துப் போடுவதற்கோ, அந்த நாடாளுமன்றத்தின் இசைவும் தேவையில்லை. அமைச்சரவை முடிவு செய்தால் போதும்.

பொதுச் சந்தையைவிட்டு வெளியே வந்த பிரிட்டன், சரக்கு விற்க இடந்தேடி நம்மிடமும் பேசிற்று. 2025 ஜூலை 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கே அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும் என்று 2010ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒரே ஒப்பந்தம்! ஒரு கையெழுத்துக்குக் கேள்வி உண்டு, மறு கையெழுத்துக்கு இல்லை. இலண்டன் தொழிலாளிக்கு உள்ள உரிமை வாழப்பாடித் தொழிலாளிக்கு ஏன் இல்லை?

ஆசியான் ஒப்பந்தத்தை மறு ஆய்வு செய்வதென்று 2023 ஆகஸ்டில் இசைந்தார்கள். 2025க்குள் முடிப்பதாகக் கெடுவும் வைத்தார்கள். எந்தப் பொருளுக்கு உடனே வரி நீங்கும், எதற்கு மெல்ல நீங்கும், எது தொடப்படாது என்று அதிலே பட்டியல்கள் உண்டு. ஆங்கிலத்தில், எண் எண்ணாக, பக்கம் பக்கமாக. இதை நாம் விளக்கியபோது, பேளூர் உழவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பட்டியல்ல எங்க கிழங்கை எழுதினப்போ, இந்தப் பக்கம் யாரையாச்சும் கேட்டாங்களா தம்பி?"

தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வாழப்பாடி, கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. உழவர் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, அடுத்த கூட்டத்தொடரில் கேள்வியாக எழுப்பச் சொல்லித் தொகுதி உறுப்பினருக்கு அன்று மாலையே அனுப்பினார்கள். முதல் கையெழுத்து உழவருடையது. இரண்டாவது, லாரி ஓட்டுநருடையது.