வீட்டு இசைக்கருவியில் எழும் இரைச்சல்

இசைக்கருவிகளில் இசையோடு கூட எழும் வேண்டா ஒலிகள் பலவாயினும், அவை யாவும் ஒரு தன்மையன அல்ல. ‘உம்’ என்று ஓயாது முரல்வது ஒன்று. ‘உஸ்’ என்று சீறுவது ஒன்று. ‘கறகற’ என்று இடையிடையே பொரிவது ஒன்று. குறி அறிந்தே மருத்துவன் மருந்து கொடுப்பான், இங்கும் அவ்வாறே. இவற்றுள் முதலாவது பெருந்தொல்லை தருவதும், அறியாமையால் உயிருக்கே ஊறு விளைக்கத்தக்கதும் ஆகலின், அதனையே விரித்துரைப்பாம்.

பொரியும் ஒலி பெரும்பாலும் ஒலியளவுக் குமிழினுட் படிந்த தூசியாலும், இணைப்பு முனைகளிற் பிடித்த களிம்பாலும் வருவது. வெள்ளவத்தையிற் கடலோரம் வாழ்வோர்க்கு உப்புக்காற்றின் செயலைச் சொல்ல வேண்டியதில்லை. சன்னற் கம்பியை அரிப்பது இணைப்பு முனையை விட்டுவைக்குமா? மின்னை நிறுத்தி முனைகளைத் துடைத்து, குமிழை இருபுறமும் பலமுறை திருப்பினால் பெரும்பாலும் தீரும். சீறும் ஒலி மின்னுறுப்புக்களின் இயல்பு. சிறிதளவு இருக்கவே செய்யும்.

இனி முரலும் ஒலி. இலங்கையில் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ற்று அளவினது. செக்கனுக்கு 50 முறை அலைவது. அவ்வலைவே நம் செவிக்கு எட்டுகின்றது. சுருதிப்பெட்டி போல் ஒரே நிலையில் நிற்பினும், பாடுவோர் சுருதியோடு அது சேர்வதில்லை. அம்பிளிபையர் என வழங்கும் விரியலாக்கியினுள் மின்னைச் சீராக்கும் கொள்ளளவி பழுதுற்றால், 100 முறை அலையும் சற்று உயர்ந்த ஒலி எழும். ஒலியளவைக் குறைத்தாலும் அது குறையாது. அதனைத் திருத்துதல் தொழிலறிந்தார் பணி. மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இசைத்தட்டுக் கருவியே இவ்விரைச்சலுக்கு எளிதில் இடங்கொடுப்பது. அதன் ஊசியிற் பிறக்கும் மின்சைகை ஏறக்குறைய 5 மில்லிவோல்ற்று; குறுந்தட்டுக் கருவி தருவதோ 2 வோல்ற்று, அதாவது நானூறு மடங்கு. மேலும், தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே தட்டிற் பதிவர். ஆதலின் விரியலாக்கி அவற்றை மீட்டும் உயர்த்தும். 1954 முதல் வழங்கும் ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, 50 அலைவுக்குரிய ஒலி 1000 அலைவுக்குரியதிலும் ஏறக்குறைய ஏழு மடங்கு உயர்த்தப்படும். இரைச்சலும் உடனுயரும். ஆகவே, அக்கருவியின் மெல்லிய புவிக்கம்பி விரியலாக்கியின் திருகாணியில் இறுக்கமாக உளதா என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

எங்கள் வீட்டில் அக்கம்பி இறுக்கமாகவே இருந்தது, இரைச்சலும் இருந்தது. தந்தையார் தம் பழைய நாதஸ்வரத் தட்டுக்களைக் கேட்பதையே விட்டுவிட்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த உறவினர் ஒருவர், விரியலாக்கியின் முப்பிரிச் செருகியைத் திறந்து புவிக்கம்பியைக் கழற்றினார். இரைச்சல் உடனே நின்றது, யாவரும் மகிழ்ந்தோம். மூன்றாம் நாள், தொலைக்காட்சிப் பெட்டியை வேறு அறைக்கு மாற்றினோம். அன்று மாலை என் மகள் விரியலாக்கியின் உலோகப் பெட்டியைத் தொட்டு, “அப்பா, சுள்ளெண்டு இழுக்குது” என்று கையை உதறினாள்.

நிகழ்ந்தது இதுவே. கூரையிலிருந்த அலைவாங்கியின் கேபிளுறை ஓரிடத்திலும், விரியலாக்கி சுவர்க்குதை வழியே மற்றோரிடத்திலும் புவியோடு தொடுக்கப்பட்டிருந்தன. இரு புவிமுனைகளும் சரியாக ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. தொலைக்காட்சிக்கும் விரியலாக்கிக்கும் இடைப்பட்ட ஒலிக்கம்பி அவ்விரண்டையும் இணைத்து வளையமாக்கிற்று. அவ்வளையத்தில் ஓடிய சிறு மின்னோட்டமே எங்கள் இரைச்சல். புவிக்கம்பியைக் கழற்றியபோது வளையம் அறுந்தது. ஆயின் அதன்பின் விரியலாக்கிக்குக் காவலாய் நின்றது தொலைக்காட்சிக் கேபிள் ஒன்றே. அதுவும் போனபோது கசிந்த மின் செல்ல வழியின்றிப் பெட்டியில் நின்றது. அன்று கசிவு சிறிது. உள்ளே மின்கம்பி ஒன்று பெட்டியைத் தொட்டிருப்பின், அது என் மகளின் உடல் வழியே புவிக்குச் சென்றிருக்கும். புவிக்கம்பி இருந்தால் உருகி எரிந்து மின் நின்றுவிடும்.

அன்றிரவே கம்பியை மீட்டும் பூட்டினேன். பின்னர் இணைப்புக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதனோடு இரைச்சல் மறைகின்றது எனப் பார்த்தபோது அலைவாங்கிக் கேபிளே அகப்பட்டது. இதனை முதலிலேயே செய்திருக்கலாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான்கைந்து கடை ஏறி, அலைகளை மாத்திரம் கடத்தி உறையின் தொடர்பை அறுக்கும் சிறு நிலைமாற்றியொன்றை வாங்கி இடையிற் பொருத்தினேன். தந்தையார் மீண்டும் தட்டு வைக்கின்றார். ஊசியின் உரசல் மாத்திரம் கேட்கின்றது. அத்துணைப் பழைய தட்டுக்கு அது இருக்கவே செய்யும்.