சோர்ட் ஆஃப் த சாமுராய்

சோர்ட் ஆஃப் த சாமுராய் (பொருள்: சாமுராயின் வாள்) என்பது 1989ஆம் ஆண்டில் மைக்ரோபுரோஸ் நிறுவனம் எம்எஸ்-டாஸ் இயங்குதளத்துக்காக வெளியிட்ட ஒரு நிகழ்பட ஆட்டம் ஆகும். 16ஆம் நூற்றாண்டு ஜப்பானைக் களமாகக் கொண்ட இவ்வாட்டத்தை லாரன்ஸ் ஷிக் வடிவமைத்தார். நிலம், படை, திருமணம், வாரிசு ஆகியவற்றைத் திட்டமிடும் வியூக ஆட்டமும், வாட்போர் முதலிய அதிரடி ஆட்டமும் இதில் ஒன்றாக இணைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டையும் பிணைக்கும் கண்ணியாக 'மானம்' என்னும் அளவு அமைந்திருப்பது இதன் சிறப்பாகும்.

பின்னணி

மைக்ரோபுரோஸ் நிறுவனத்தை சிட் மெயர், பில் ஸ்டீலி ஆகியோர் 1982இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் தொடங்கினர். தொடக்கத்தில் வானூர்திப் பாவனை ஆட்டங்களுக்குப் பெயர்பெற்றிருந்த இந்நிறுவனம், 1987இல் பைரேட்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. கடற்பயணம், வணிகம், வாட்சண்டை எனப் பல சிற்றாட்டங்களைக் கோத்து ஒரு கடற்கொள்ளையனின் வாழ்க்கையாக அது காட்டியது. அதே அணுகுமுறையை ஜப்பானிய வரலாற்றுக்குப் பொருத்தியதே இந்த ஆட்டம் எனலாம். இதன் வடிவமைப்பாளர் ஷிக், முன்னர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் பாத்திரமேற்கும் ஆட்டத்துக்குக் களங்களை எழுதியவர்.

ஆட்டத்தின் படிநிலைகள்

ஆட்டக்காரர் சிறு நிலப்பகுதியை உடைய ஒரு சாமுராயாகத் தொடங்குகிறார். முதற்கட்டத்தில் அவர் தம்மையொத்த பிற சாமுராய்களுடன் போட்டியிட்டுத் தலைவரின் நன்மதிப்பைப் பெற்று, அவருக்குப் பின் ஹதமோட்டோ என்னும் நிலையை அடைய வேண்டும். இரண்டாம் கட்டத்தில், மாகாணத்தை ஆளும் டைமியோ ஆவதற்குப் போட்டியிட வேண்டும். இறுதிக் கட்டத்தில் பிற மாகாணங்களைக் கைப்பற்றி, நாடு முழுவதற்கும் படைத்தலைவராகிய ஷோகன் ஆவதே இலக்காகும்.

இப்பயணத்தில் ஆட்டக்காரர் நான்கு வகையான காட்சிகளைச் சந்திக்கிறார்.

* வியூகம்: வரைபடத்தில் பயணம் செய்தல், படையைப் பெருக்குதல், மணம்புரிதல், போட்டியாளருடன் உறவாடுதல்.
* தனிப்போர்: இருவர் நேருக்கு நேர் நின்று வாளால் பொருதல்.
* கைகலப்பு: ஒருவராகப் பலரை எதிர்த்தல். கொள்ளையரை அடக்குதல், கடத்தப்பட்ட குடும்பத்தினரை மீட்டல் போன்ற நேரங்களில் இக்காட்சி வருகிறது.
* களப்போர்: படைப்பிரிவுகளை அணிவகுத்து நடத்துதல்.

மானமும் வாரிசும்

மேற்கண்ட நான்கும் தனித்தனி ஆட்டங்கள் போலத் தோன்றினும், அவற்றின் விளைவுகள் ஒரே கணக்கில் சேர்கின்றன. தனிப்போரில் பெறும் வெற்றி மானத்தை உயர்த்துகிறது. உயர்ந்த மானம் தலைவரின் தேர்வில் ஆட்டக்காரருக்குத் துணைசெய்கிறது. ஆனால், அதே வாட்போரில் அவர் இறக்கவும் கூடும். எனவே, பெரும்படை உடையவர்கூட ஓர் அறைகூவலை ஏற்பதற்கு முன் தயங்கி எண்ண வேண்டியுள்ளது.

குறுக்குவழிகளும் இந்த ஆட்டத்தில் உண்டு. போட்டியாளரின் கோட்டைக்குள் மறைந்து நுழைந்து அவரைக் கொல்லலாம். அவருடைய குடும்பத்தினரைக் கடத்தலாம். தலைவருக்கு எதிராகவே கிளர்ச்சி செய்யலாம். இவை விரைவான பலனைத் தரவல்லவை. பிடிபட்டால் மானம் பெரிதும் குறையும். செப்புக்கு என்னும் தற்கொலைச் சடங்கை மேற்கொள்ளும் நிலையும் ஏற்படலாம்.

ஆட்டக்காரர் மூப்பாலோ போரிலோ இறந்தால், வயதுவந்த மகன் அவருடைய இடத்தில் தொடர்வான். வாரிசு இல்லையெனில் ஆட்டம் முடிந்துவிடும். ஆகவே, திருமணத்தைத் தள்ளிப்போட்டுப் போரில் மட்டும் கருத்தைச் செலுத்துவது ஆபத்தானதாகும். ஷோகன் ஆன பின்னர், நிறுவிய ஆட்சி எவ்வளவு காலம் நிலைத்தது என்பதையும் ஆட்டம் கூறுகிறது. வெற்றி பெற்ற விதமும் கணக்கில் கொள்ளப்படுவதை இது காட்டுகிறது.

வரலாற்றுடன் ஒப்பீடு

ஆட்டத்தின் விதிகளுக்கு வரலாற்றில் இணைகள் உள்ளன. 1582இல் ஓடா நோபுநாகாவை அவருடைய தளபதி அகெச்சி மிட்சுஹிடே கியோத்தோவில் திடீரெனத் தாக்கினார், நோபுநாகா உயிர்துறந்தார். ஆனால் மிட்சுஹிடே இரு வாரங்களுக்குள் டொயோடோமி ஹிடெயோஷியிடம் தோற்று மாண்டார். ஹிடெயோஷி ஜப்பானை ஒன்றிணைத்தபோதும், 1598இல் அவர் இறந்தபோது மகன் ஐந்து வயதுச் சிறுவனாக இருந்தான். 1600இல் செகிகஹாராப் போரில் வென்ற டொகுகவா இயெயாசு 1603இல் ஷோகன் ஆனார். இரண்டே ஆண்டுகளில், 1605இல், அப்பதவியை வளர்ந்த மகன் ஹிடெடாடாவிடம் ஒப்படைத்து மரபுரிமையை உறுதி செய்தார். அவ்வாட்சி 1868 வரை நீடித்தது.

எனினும், இந்த ஆட்டத்தை வரலாற்று நூலாகக் கொள்ள இயலாது. சாமுராய்களின் மானம் பற்றிய அறநெறி பெரும்பாலும் பின்னர் அமைதி நிலவிய எடோ காலத்தில் வகுக்கப்பட்டது. ஹகாகுரே என்னும் புகழ்பெற்ற நூல் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானதாகும். போர்க்காலத்தில் கட்சி மாறுதலும் தலைவரைக் கவிழ்த்தலும் பரவலாக நிகழ்ந்தன. கீழிருப்போர் மேலிருப்போரை வீழ்த்துவதைக் குறிக்க 'கெகொகுஜோ' என்ற சொல்லே வழங்கியது. மேலும், ஹிடெயோஷி எளிய குடியில் பிறந்தவர். ஆட்டக்காரரோ நிலமுள்ள சாமுராயாகவே தொடங்க முடியும்.

வடிவமைப்பில் இதன் இடம்

பல ஆட்டங்களை ஒன்றாக இணைப்பது எப்போதும் எளிதன்று. மைக்ரோபுரோஸ் 1990இல் வெளியிட்ட கோவர்ட் ஆக்‌ஷன் என்னும் உளவு ஆட்டத்தில், கட்டடத்துக்குள் ஊடுருவும் காட்சி நீண்டு, ஆட்டக்காரர் தாம் துப்பறியும் வழக்கையே மறந்துவிட நேர்ந்ததாக சிட் மெயர் பின்னர் விளக்கினார். ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு பெரிய ஆட்டங்கள் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும் என்பது அவர் கண்ட பாடமாகும். சோர்ட் ஆஃப் த சாமுராயில் ஒவ்வொரு சண்டையும் குறுகியது. அது முடிந்தவுடன் அதன் விளைவு குடும்பத்தின் மானத்திலும் நிலையிலும் தெரிவதால், முதன்மைக் கதையின் தொடர்ச்சி அறுபடுவதில்லை.

ஜப்பானிய நிறுவனமான கோயியின் நோபுநாகாஸ் ஆம்பிஷன் (1983), பிற்காலத்தில் வெளிவந்த ஷோகன்: டோட்டல் வார் (2000) ஆகியவையும் இதே காலகட்டத்தைக் களமாகக் கொண்டவை. அவற்றில் ஆட்டக்காரர் பெரும்பாலும் வரைபடத்துக்கு மேலிருந்து ஆணையிடும் தலைவராக இருக்கிறார். இந்த ஆட்டத்திலோ ஆணையிடுபவரே வாளேந்தி நிற்க வேண்டும்.