காணாக் கதிருக்கு ஓர் எளிய குறிவளையம்

மராட்டியத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் 1964-இல் அமெரிக்காவில் உருவாக்கிய கரியமிலவாயு லேசரே சிறு பட்டறைகளின் வெட்டு இயந்திரங்கள் பலவற்றில் இயங்குகிறது. அதன் 10.6 மைக்ரான் அலைநீளக் கதிர் கண்ணுக்குப் புலனாகாது. மூன்று ஆடிகளுள் ஒன்று சற்றுச் சாய்ந்தாலும், மேசையின் ஒரு மூலையில் வெட்டும் கதிர் மறு மூலையில் வெட்டாது.

இதனைச் சீராக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. அவ்வியந்திரத்திலேயே வெட்டிய அக்ரிலிக் வளையத்தில் காகித ஒட்டுநாடாவை ஒட்டி, ஆடியின் முன் பொருத்தினால் போதும். மூடியை அடைத்து, குறைந்த திறனில் கணநேரம் கதிரைச் செலுத்தினால் நாடாவில் கருகிய புள்ளி விழும். ஆடி அருகிலும் தொலைவிலும் நிற்கையில் விழும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை முந்தைய ஆடியின் திருகுகளைத் திருப்ப வேண்டும். புள்ளி இடம்பெயராமையே முதல் தேவை. அது நடுவில் அமைவது அடுத்ததே. பலர் இவ்வரிசையை மாற்றி நாளெல்லாம் வீணாக்குகின்றனர். மூடியைத் திறந்து சோதிப்பதோ கருவிழியைச் சுட்டுவிடும்.