சர்க்கரையில்லா இனிப்பும் வயிற்று வலியும்

சர்க்கரை சேர்க்காத இனிப்புப் பானம் குடித்தால் வயிறு முறுக்கி வலிக்கிறது என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது உண்மையா? இனிப்பூட்டும் பொருள் எது என்பதைப் பொறுத்தது விடை.

அஸ்பார்ட்டேம் சர்க்கரையைவிட ஏறத்தாழ 200 மடங்கு இனிப்பானது. எனவே மிகச் சிறிதளவே போதும். அதுவும் சிறுகுடலிலேயே சிதைந்துவிடுகிறது. அத்தகைய பானத்தில் வயிற்றை உப்பச் செய்வது பெரும்பாலும் கரியமில வாயுவே.

சார்பிட்டால் அப்படியன்று. அதன் இனிப்பு சர்க்கரையைவிடக் குறைவு. ஆகவே கிராம் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறுகுடல் அதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. எஞ்சியது சவ்வூடு பரவலால் குடலுக்குள் நீரை இழுக்கிறது. பெருங்குடலில் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து, ஹைட்ரஜன் முதலிய வாயுக்களை வெளியிடுகின்றன. குடல் விரிகிறது, வலியும் பேதியும் உண்டாகின்றன.

2008ஆம் ஆண்டில் பெர்லின் மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். 21 வயதான அப்பெண் எட்டு மாதங்களாக வயிற்று வலியாலும் பேதியாலும் வாடி, 11 கிலோ எடை இழந்திருந்தார். பல சோதனைகளிலும் காரணம் புலப்படவில்லை. சர்க்கரையில்லாச் சூயிங்கம் மூலம் நாள்தோறும் 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் உட்கொண்டது பின்னரே தெரிந்தது. அதை நிறுத்தியதும் பேதி நின்றது.

ஆகவே புட்டியின் மேலுள்ள சீட்டைப் படியுங்கள். 420 என்ற எண் சார்பிட்டாலையும் 951 அஸ்பார்ட்டேமையும் குறிக்கும். நிறுத்தியும் வலி தீராவிட்டால் மருத்துவரை நாடுங்கள். கடும் வலியாயின் உடனே செல்லுங்கள். குடல்வால் அழற்சியும் பித்தக்கல்லும்கூட வயிற்று வலியாகவே தொடங்கும். பானத்தின்மேல் பழிபோட்டுக் காலம் கடத்தலாகாது.