செரியாது காக்கும் நார்ச்சத்து

உண்பது செரித்து உடலில் சேர்ந்தால்தான் பயன் என்பது பொதுவான எண்ணம். நார்ச்சத்தோ சிறுகுடலில் செரியாமலேயே உடலைக் காக்கிறது. உகாண்டாவில் பல்லாண்டுகள் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், மேலை நாடுகளில் மலிந்திருந்த பெருங்குடல் நோய்கள் ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் அரிதாக இருப்பதைக் கண்டார். அம்மக்களின் உணவில் மிகுந்திருந்த நார்ச்சத்தே அதற்குக் காரணமாகலாம் என 1970களில் எடுத்துரைத்தார். அதன்பின் நார்ச்சத்து பற்றிய ஆய்வுகள் பெருகின.

நார்ச்சத்து இருவகைப்படும். வெந்தயம், பயறு, கொய்யா முதலியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து, நீரில் கூழ்போலாகிக் குருதியில் சர்க்கரை கலக்கும் வேகத்தைத் தணிக்கிறது. பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேற்றுகிறது. அவ்விழப்பை ஈடுசெய்யக் கல்லீரல் குருதியிலுள்ள கொலஸ்டிராலைப் பயன்படுத்துவதால் இதயநோய்க்கான வாய்ப்புக் குறைகிறது. தவிட்டிலும் கீரைத்தண்டிலும் மிகுந்துள்ள கரையா நார்ச்சத்து மலச்சிக்கலைத் தவிர்க்கிறது. பெருங்குடல் நுண்ணுயிரிகள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உருவாக்கும் பியூட்டிரேட், குடற்சுவரின் செல்களுக்கு உணவாகிறது.

பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உண்டு. தீட்டிய பச்சரிசியிலோ 3 கிராம்கூட இல்லை. அரிசியை வெண்மையாக்கும்போது தவிட்டுடன் நார்ச்சத்தும் நீங்கிவிடுகிறது.

நீரிழிவு நோயாளிகளுக்கு நார்ச்சத்து மருந்தின் துணையே அன்றி மாற்று அன்று. அதனைப் படிப்படியாகக் கூட்டி, போதிய நீரும் பருகுதல் வேண்டும். நோய் வந்தபின் தேடுவதினும், வருமுன் நாளும் உண்பதே நலம் பயக்கும்.