பத்து நாள் பதிலாள்!

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் போட்டாயிற்று, தோரணம் கட்டியாயிற்று, அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லாரி லாரியாக சனம் வந்து இறங்குகிறது. அந்த நேரம் பார்த்துத் தவில்காரருக்குக் குளிர்காய்ச்சல்! தலைவர் அங்கும் இங்கும் ஆள் அனுப்பி, எங்கிருந்தோ வேறொரு தவில்காரரைப் பிடித்து வருகிறார். வந்தவர் மற்றவரின் தவிலை மாட்டிக்கொண்டு, நாயனக்காரரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்து, ஒருவழியாகத் திருவிழாவை ஒப்பேற்றிவிடுகிறார். விடிந்ததும் வெற்றிலை பாக்கோடு கையில் ஏதோ கொடுத்து அனுப்பிவைக்கிறோம். அடுத்த வருடம் அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

இதே கதை உலகத்திலேயே பெரிய பெயர் பெற்ற ஒரு பாட்டுக் குழுவிலும் நடந்தது. நடந்த இடம் ஆஸ்திரேலியாவில் உள்ள அடிலெய்டு நகரம். நாள் 1964-ஆம் ஆண்டு ஜூன் 12, வெள்ளிக்கிழமை. அந்தக் குழுதான் பீட்டில்ஸ்.

பீட்டில்ஸ் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சீப்புப் படாத முடியும், கத்தலும் கூச்சலும்தான் ஞாபகம் வரும். பிள்ளைகளைத் திட்டுவதற்கே அந்தப் பெயரைப் பயன்படுத்திய வீடுகள் உண்டு! லிவர்பூல் என்ற துறைமுக ஊரில், சாதாரணக் குடும்பங்களில் பிறந்த நான்கு வாலிபர்கள் அவர்கள். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகிய மூவரும் கிட்டார் வாசித்துப் பாடுவார்கள். நான்காமவர் ரிங்கோ ஸ்டார், டிரம்ஸ் அடிப்பவர். இவர்கள் பாட்டில் வந்த 'யே யே' என்ற ஓசைதான் பிறகு நம் மலேசியா, சிங்கப்பூர் மலாய் இளைஞர்களின் கிட்டார் பாட்டுகளுக்கு 'பாப் யே யே' என்ற பெயரையே வாங்கித் தந்தது.

அடிலெய்டு ரசிகர்களின் நினைவுகளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அன்று பதினான்கு, பதினைந்து வயதுப் பள்ளிப் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். ஆனாலும் அந்த நாளைப் பற்றிய பேச்சு அந்த ஊரில் ஓயவில்லை.

எண்பதாயிரம் கையெழுத்து

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பீட்டில்ஸ் குழுவின் பயணத் திட்டத்தில் அடிலெய்டு என்ற பெயரே இல்லை. சிட்னி, மெல்போர்ன் போன்ற பெரிய ஊர்களுக்கு மட்டும்தான் நிகழ்ச்சி என்று முடிவாகியிருந்தது. 'நாங்கள் என்ன பாவம் செய்தோம்?' என்று அடிலெய்டு இளைஞர்கள் கொதித்துப் போனார்கள். உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் பாப் பிரான்சிஸ் என்பவர் ஒரு மனு தொடங்கினார். அதில் சேர்ந்த கையெழுத்துகள் 80,000! ஒரு கோரிக்கை மனுவில் ஐம்பது பேரிடம் கையெழுத்து வாங்குவதற்குள் வீடு வீடாக ஏறி இறங்கி நம் கால் தேய்ந்துவிடுகிறது. எண்பதாயிரம் என்றால் சும்மாவா? மனு பலித்தது. பயணத்தின் முதல் மேடையே அடிலெய்டு என்று ஆனது.

இரண்டு நாளில் நான்கு காட்சிகள், காட்சிக்கு மூவாயிரம் பேர். ஆக 12,000 இருக்கைகள். கேட்டவர்களோ ஐம்பதாயிரம் பேர். டிக்கெட்டுக்காகக் கம்பளியும் தலையணையுமாக நடைபாதையிலேயே படுத்து இடம் பிடித்தார்கள். அந்த ஊருக்கு அது குளிர்காலம் நெருங்கும் நேரம் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்த ஆஸ்திரேலியர் 1963-இலேயே குழுவோடு பேசி முடித்திருந்தார். அப்போது பீட்டில்ஸ் இந்த அளவுக்குப் பெரிய பெயர் எடுக்கவில்லை. ஆகவே பேசிய தொகையும் சிறியது. ஒரு வருடத்துக்குள் உலகமே அவர்கள் பின்னால் ஓடத் தொடங்கிவிட்டது. குழுவின் நிர்வாகி பிரயன் எப்ஸ்டீன் நினைத்திருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி விலகியிருக்கலாம். விலகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த நாணயத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவர் காப்பாற்றிய அந்தச் சொல்தான் நம் கதாநாயகனைச் சிக்கலில் கொண்டுபோய் விட்டது.

படுக்கையில் ரிங்கோ

ஜூன் 3-ஆம் தேதி. மறுநாள் டென்மார்க்கில் நிகழ்ச்சி. லண்டனில் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ரிங்கோ சுருண்டு விழுந்தார். தொண்டைச் சதை வீங்கிக் கடும் காய்ச்சல். மருத்துவமனையில் படுக்கவைத்துவிட்டார்கள். என்ன செய்வது? நாடு நாடாக டிக்கெட் விற்றாகிவிட்டது.

குழுவின் இசைத்தட்டுகளைத் தயாரித்துவந்த ஜார்ஜ் மார்ட்டினுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. ஜிம்மி நிக்கோல், 24 வயது. லண்டனில் கூப்பிட்ட இடத்துக்குப் போய் டிரம்ஸ் அடித்துப் பிழைத்தவர். பீட்டில்ஸ் பாட்டுகளையே மலிவு விலை இசைத்தட்டாக வேறொரு கம்பெனி வெளியிட்டபோது அதில் வாசித்திருந்தார். ஆகவே பாட்டுகள் ஏற்கெனவே கைக்குப் பழக்கம். டெலிபோன் வந்தது. அன்றைக்கே பதிவுக்கூடத்தில் ஆறு பாட்டுகளுக்கு ஒத்திகை. வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்ட வேண்டியதுதான். மறுநாள் டென்மார்க் மேடையில் ரிங்கோவின் டிரம்ஸுக்குப் பின்னால், ரிங்கோவின் உடுப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால்சட்டை மட்டும் நீளம் பற்றவில்லை!

எல்லோருக்கும் இது பிடித்துவிடவில்லை. 'ரிங்கோ இல்லையென்றால் அது பீட்டில்ஸே அல்ல, நான் வரமாட்டேன்' என்று ஜார்ஜ் ஹாரிசன் முரண்டு பிடித்தார். பேசிப் பேசித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வந்தவர்மீது என்ன குற்றம்? கூப்பிட்டார்கள், வந்தார்.

மருத்துவமனையில் கிடந்த ரிங்கோவின் மனம் என்ன பாடுபட்டது தெரியுமா? தன்னை விட்டுவிட்டு வேறொருவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்களே, இனி தன்மேல் அவர்களுக்குப் பிரியம் இல்லையோ என்றெல்லாம் எண்ணிக் கலங்கியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். காய்ச்சலில் கிடக்கும்போது நம் நிரையை வேறொருவர் வெட்டுகிறார் என்றால், படுக்கையில் புரண்டுகொண்டே 'கங்காணி அவருக்கே நிரந்தரமாகக் கொடுத்துவிடுவாரோ' என்று நினைப்போமே, அதே பயம்தான். உலகப் புகழ் பெற்றவருக்கும் அது விலக்கில்லை போலிருக்கிறது. 'சீக்கிரம் குணமாகு, ஜிம்மி உன் உடுப்புகளையெல்லாம் தேய்த்துத் தீர்க்கிறார்' என்று பால் மெக்கார்ட்னி வேடிக்கையாக ஒரு தந்தி அடித்தார்.

டென்மார்க், ஹாலந்து, ஹாங்காங்… பிறகு ஆஸ்திரேலியா. ஜூன் 11-ஆம் தேதி காலை சிட்னியில் இறங்கியபோது பேய்மழை. அந்த மழையில் நால்வரையும் திறந்த லாரியில் நிற்கவைத்து, கையில் குடையைக் கொடுத்து, ரசிகர்கள் முன் ஊர்வலம் விட்டார்கள். தொப்பலாக நனைந்த நால்வரில் ஜிம்மியும் ஒருவர்.

நகரத்தில் பாதி தெருவில்

மறுநாள் அடிலெய்டு. அப்பப்பா! விமான நிலையத்திலிருந்து நகர மண்டபம் வரை சாலையின் இருமருங்கிலும் மூன்று லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கிட்டார்கள். அந்த நகரத்து மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர்! பீட்டில்ஸ் குழுவுக்கு வேறெங்கும் இப்படியொரு கூட்டம் கூடியதில்லை என்று சொல்லுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டார்கள். அப்பாக்களின் தோள்களில் சிறுசுகள். மரங்களிலும் கூரைகளிலும் ஆட்கள்.

அந்த ஊர்க்காரர்களின் நினைவுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் வியப்பாக இருக்கும். பெரும்பாலோர் பேசுவது பாட்டைப் பற்றியே அல்ல, அந்தத் தெருவைப் பற்றித்தான். அவர்கள் கண்டதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம் கடந்துபோன ஒரு திறந்த கார், நான்கு தலைகள், ஒரு கையசைப்பு. அதற்காக மணிக்கணக்கில் கால் கடுக்க நின்றார்கள். தைப்பூசத்தில் இரதம் நம் பக்கம் வந்து திரும்பும் அந்த ஒரு நிமிடத்துக்காக இரவெல்லாம் காத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நகர மண்டபத்தில் மேயரின் வரவேற்பு. மாடி முகப்பில் நால்வரும் வந்து நின்றபோது எழுந்த ஆரவாரத்தில் ஒலிபெருக்கியில் பேசியதே கேட்கவில்லை. அன்று மாலை சென்டினியல் ஹால் என்ற அரங்கில் முதல் காட்சி. முன்னதாக வேறு குழுக்கள் வந்து வாசித்தன. 'இவர்கள் எப்போது போவார்கள்' என்று ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை, பாவம் அந்தக் குழுக்கள்! பிறகு திரை விலகியது. பத்துப் பாட்டுகள், சுமார் அரை மணி நேரம், அவ்வளவுதான். நாட்கணக்கில் தெருவில் படுத்து டிக்கெட் வாங்கியவர்களுக்கு அரை மணி! அதிலும் மங்கையரின் அலறலில் பாட்டுக் காதில் விழுந்ததா என்றால், பாதி விழவில்லை என்று அவர்களே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறார்கள். ரிங்கோ வழக்கமாகப் பாடும் ஒரு பாட்டை மட்டும் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

பின்னால் இருப்பவர் ரிங்கோ அல்ல என்பது யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் அரங்கம் அலறியது. சில நாட்களுக்கு முன் லண்டன் தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத மனிதரைப் பார்த்து மூவாயிரம் பேர் கத்தினார்கள்!

அவரோ தலையைக் குனிந்து வேலையைப் பார்த்தார். 'எப்படிச் சமாளிக்கிறீர்கள்?' என்று யாராவது கேட்டால், 'பரவாயில்லை, தேறிக்கொண்டு வருகிறது' என்பதுதான் அவரது வழக்கமான பதிலாம். பிற்பாடு இந்தச் சொல்லை நினைத்துத்தான் 1967-இல் ஒரு பாட்டுக்குப் பெயரே வைத்தார் பால்.

விமான நிலையத்தில் ஒரு கடிகாரம்

ஜூன் 14, மெல்போர்ன். குணமடைந்து ரிங்கோ வந்து சேர்ந்தார். பத்திரிகையாளர்கள் முன்னால் ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அதோடு ஜிம்மியின் வேலை முடிந்தது. மறுநாள் அதிகாலையில் அவர் ஊருக்குப் புறப்பட்டார். மற்ற நால்வரும் தூக்கத்தில் இருந்தார்கள். எழுப்பித் தொந்தரவு கொடுக்க மனமில்லாமல், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார். விமான நிலையத்தில் எப்ஸ்டீன் 500 பவுன் பணமும், பின்புறத்தில் நன்றி வாசகம் பொறித்த ஒரு தங்கக் கைக்கடிகாரமும் கொடுத்து வழியனுப்பினார். கணக்குப்படி ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஒருவர் எழுந்து வந்து கைகுலுக்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்தில் சொந்தமாகக் குழு அமைத்துப் பார்த்தார், எடுபடவில்லை. 1965-இல் கடன் தலைக்குமேல் ஏறித் திவாலானார். சுவீடன் நாட்டுக் குழு ஒன்றில் சிறிது காலம் வாசித்தார், மெக்சிகோவில் கொஞ்ச காலம் வாழ்ந்தார். பிறகு பேட்டி, மேடை எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கிக்கொண்டார். அவர் இறந்துவிட்டதாக ஒருமுறை வதந்திகூடக் கிளம்பிப் பிறகு பொய்யானது. ரிங்கோவுக்குப் பதிலாக உட்கார்ந்ததுதான் தன் வாழ்க்கையில் நடந்த கெட்ட காரியம், அதற்குமுன் வாரக்கூலி வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தேன் என்று ஒரு சமயம் மனம் வெறுத்துச் சொல்லியிருக்கிறார்.

அன்றைய மேடை இப்போது இல்லை. பீட்டில்ஸ் தங்கிய ஹோட்டலை 1971-இலும், சென்டினியல் ஹாலை 2007-இலும் இடித்துவிட்டார்கள். பீட்டில்ஸ் ஒரு குழுவாக அதன் பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வரவேயில்லை, 1970-இல் பிரிந்தும் போனார்கள்.

ஆக, எண்பதாயிரம் கையெழுத்துப் போட்டு வரவழைத்த அடிலெய்டு மக்கள், ரிங்கோவைப் பீட்டில்ஸ் மேடையில் பார்த்ததே கிடையாது. அவர்கள் ஊருக்கு வந்த நான்காவது ஆள் ஜிம்மிதான். நகர மண்டபத்து மாடியில் நால்வரும் நிற்கும் அந்தப் பழைய புகைப்படங்களை இன்றும் அங்கே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவற்றில் எவ்வளவு தேடினாலும் ரிங்கோ கிடைக்கமாட்டார். முன்முடியை நெற்றியில் இழுத்து வாரிக்கொண்டு, இரவல் உடுப்பில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைப்பவர் ஜிம்மி நிக்கோல்.