குளிர்காலத்தில் தலைகாட்டிய 'கல் மீன்' எங்கே போச்சு? ஆற்றுக்கு அடியில் ஒரு மியூசியம்!

சீனாவின் சோங்சிங்கை நகரம்னு சொல்றாங்க. ஆனால் பரப்பு சுமார் 82,000 சதுர கி.மீ., மக்கள்தொகை 3 கோடிக்கு மேல்! அதனால்தான் நகர மையத்தில் இருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கும் ஃபூலிங்கும் அதே நகரத்தின் ஒரு மாவட்டம். 1997-ல் சிச்சுவான் மாகாணத்தில் இருந்து சோங்சிங் தனியாகப் பிரிந்தபோது ஃபூலிங்கும் கூடவே வந்துவிட்டது.

வூ ஆறு யாங்சியில் கலக்கும் இடம் இது. 'ஃபூ' என்பது வூ ஆற்றின் பழைய பெயர், 'லிங்' என்றால் அரசர் கல்லறை. பண்டைய பா அரசர்களை இங்கே புதைத்ததால் வந்த பெயர். சீனர்கள் பலருக்கு ஃபூலிங் என்றதும் ஞாபகம் வருவது, கடுகுச் செடியின் புடைத்த தண்டில் போடும் 'ஜாசாய்' ஊறுகாய்தான்.

மீன் தெரிந்தால் நல்ல விளைச்சல்

ஆனால் ஊரின் உண்மையான பொக்கிஷம் ஆற்றுக்குள் இருக்கிறது. பைஹெலியாங், அதாவது 'வெள்ளைக் கொக்குத் திட்டு'. சுமார் 1,600 மீட்டர் நீளமுள்ள பாறை. குளிர்காலத்தில் தண்ணீர் நன்றாக வற்றினால் மட்டுமே வெளியே தெரியும். அப்படித் தெரியும்போதெல்லாம் தேதியையும் நீர்மட்டத்தையும் அதிலேயே செதுக்கி வைத்தார்கள். தாங் வம்சக் காலத்தில் ஆரம்பித்து சுமார் 1,200 ஆண்டுகள் தொடர்ந்த பழக்கம் இது! கூடவே மீன் உருவங்களும் உண்டு. கல் மீன் தலைகாட்டினால் அடுத்த வருஷம் விளைச்சல் அமோகம் என்பது ஊர் நம்பிக்கை. 1685-ல் செதுக்கிய மீனின் கண், இந்தக் கால நீர்மட்ட அளவுகோலின் பூஜ்ஜியத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. நம்பிக்கைக்குப் பின்னால் இவ்வளவு துல்லியமான கணக்கு!

அணை வந்தது... பாறை மூழ்கியது

2003-ல் த்ரீ கார்ஜஸ் அணையில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். அணைத் திட்டத்தால் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். ஃபூலிங்கிலும் ஆற்றங்கரைப் பகுதிகள் மூழ்கின. வெள்ளத்தைச் சமாளிக்க கோடையில் அணையை 145 மீட்டருக்குக் குறைப்பார்கள், குளிர்காலத்தில் 175 மீட்டர் வரை நிரப்புவார்கள். அதாவது, முன்பு பாறை வெளியே வந்த அதே சீசனில்தான் இப்போது தண்ணீர் அதிகம்.

எப்படிக் காப்பாற்றினார்கள்?

பாறையை வெட்டி எடுக்கவில்லை. கல்வெட்டுகள் அதிகமுள்ள பகுதியின் மேல் கான்கிரீட் கூடு கட்டி, அதற்குள் வடிகட்டிய ஆற்றுநீரையே நிரப்பினார்கள். உள்ளேயும் வெளியேயும் தண்ணீரின் அழுத்தம் சமமாக இருப்பதால் கூடு நசுங்காது. சிம்பிளான ஐடியா!

2009-ல் மியூசியம் திறந்தது. கரையில் இருந்து நீளமான எஸ்கலேட்டரில் சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, கப்பல் ஜன்னல் மாதிரி இருக்கும் வட்டக் கண்ணாடிகள் வழியாகக் கல் மீனைப் பார்க்கலாம். மூடிய கூட்டுக்கு வெளியே இருக்கும் பாறையின் மீதிப் பகுதி ஆற்றுக்கு அடியிலேயேதான் கிடக்கிறது. ஆற்றின் அளவை இப்போது யாரும் அதில் செதுக்குவதில்லை.